நீர்வாழ் உருளைப்புழு ஆய்வாளர்: முதல் ஸ்லைடிலிருந்து பேராசிரியர் நாற்காலி வரை

கடலடிச் சேற்றில் ஒரு சதுர மீட்டருக்குக் கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். மேலிருந்து சில சென்டிமீட்டர் ஆழம் போதும். அதற்குள் ஏறக்குறைய பத்து லட்சம் உருளைப்புழுக்கள் இருக்கும். சில இடங்களில் அதற்குப் பல மடங்கு இருக்கும். ஆற்றுப்படுகை, ஏரி வண்டல், கடற்கரை மணல், ஆழ்கடல் என்று ஈரம் உள்ள எந்த இடத்திலும் இவை உண்டு. ஆனால் கண்ணில் படாது. பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரைத் தொட்டும் தொடாமலும் இருப்பவை. தடிமன் அதில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான் இருக்கும்.

இந்தப் புழுக்களைப் படிப்பதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எப்படி உள்ளே வருகிறார்கள், என்ன செய்கிறார்கள், எப்படிப் பேராசிரியர் ஆகிறார்கள் (அல்லது ஆகாமல் போகிறார்கள்) என்பதை இங்கே பார்ப்போம். 'விஞ்ஞானி ஆவது எப்படி' என்று கேட்டால் பட்டங்களின் பட்டியலை நீட்டுவதுதான் வழக்கம். நாம் புழுவிலிருந்தே தொடங்கலாம். ஏனென்றால் இந்தத் துறையில் ஒருவருடைய படிப்பு எத்தனை வருடம் இழுக்கும், எந்த வேலை கிடைக்கும், எங்கே மாட்டிக்கொள்வார் என்பதையெல்லாம் பெரிய அளவில் முடிவு செய்வது அந்தப் புழுவின் உடம்புதான். அது மிகச் சிறியது. பார்வைக்கு எல்லாம் ஒன்று போலவே இருக்கும். மற்றதெல்லாம் இந்த இரண்டிலிருந்து வருகிறது.

முதலில் புழு

உருளைப்புழு என்றதும் பலருக்கு வயிற்றுப் பூச்சிதான் நினைவுக்கு வரும். பயிர் வளர்ப்போர் 'நூற்புழு' என்பார்கள். இரண்டும் ஒரே கூட்டம்தான்: நெமட்டோடா என்ற தொகுதி. மண்புழுவுக்கு இருப்பது போல இவற்றுக்கு வளையங்களாகப் பிரிந்த உடல் கிடையாது. வெளியே ஒரு குழாய், உள்ளே உணவு போகும் இன்னொரு குழாய், இடையில் அழுத்தமான திரவம். தசைகள் நீளவாக்கில் மட்டுமே உண்டு. உடலைச் சுற்றி வளைக்கும் தசை கிடையாது. அதனால் சுருங்கி நீண்டு ஊர்ந்து போக முடியாமல், பாம்பு போல இப்படியும் அப்படியும் வளைந்து வளைந்துதான் நகரும். நுண்ணோக்கியில் ஒரு துளி வண்டலைப் பார்த்தால் துடித்துக்கொண்டிருப்பதில் பெரும்பங்கு இவைதான்.

இதுவரை பெயர் சூட்டப்பட்ட இனங்கள் 25,000க்கு மேல். உண்மையில் எத்தனை இருக்கும் என்பதற்குப் பத்து லட்சம் என்று சொன்னவர்கள் உண்டு, அதைவிடப் பல மடங்கு கூட்டிச் சொன்னவர்களும் உண்டு. மதிப்பீடுகளுக்கு இடையே இவ்வளவு பெரிய ஓட்டை இருக்கிறது என்பதே இந்தத் துறையில் இன்னும் எவ்வளவு வேலை கிடக்கிறது என்பதைக் காட்டிவிடும்.

நீரில் வாழ்பவற்றில் ஒட்டுண்ணிகளும் உண்டு. ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் நஞ்சுக்கொடியில் கண்டெடுக்கப்பட்ட ஓர் இனம் 8 மீட்டருக்கு மேல் நீளம். ஆனால் நாம் பேசப்போவது யாரையும் ஒட்டி வாழாமல் வண்டலிலும் மணலிலும் சுதந்திரமாகத் திரிபவற்றைப் பற்றி. அவை பாக்டீரியாவைத் தின்னும், பாசியைச் சுரண்டும், ஒன்றையொன்று விழுங்கவும் செய்யும். அவ்வப்போது செய்தியிலும் வரும். 2011இல் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கமொன்றில், தரைக்குக் கீழே 1.3 கிலோமீட்டர் ஆழத்தில் பாறைப் பிளவுகளில் தேங்கிய நீரிலிருந்து ஒரு புழுவை எடுத்தார்கள். ஹாலிசெஃபலோபஸ் மெஃபிஸ்டோ என்று சாத்தானின் பெயரையே வைத்துவிட்டார்கள். 2019இல் கலிஃபோர்னியாவின் மோனோ ஏரியில் எட்டு இனங்களைக் கண்டார்கள். அந்த ஏரி கடலைவிட மூன்று மடங்கு உப்பானது, ஆர்செனிக் நிறைந்தது. அதற்கு முன் அங்கே உப்புநீர் இறாலும் ஒருவகை ஈயும் தவிர வேறு விலங்கு எதுவும் வாழ்வதாகத் தெரியாது. எட்டில் ஒன்றுக்கு ஆண், பெண், இருபாலி என்று மூன்று பால்கள்.

இந்த மாதிரிச் செய்திகளைப் படித்துவிட்டு இத்துறைக்கு வருபவர்களும் உண்டு. வந்த பிறகு கிடைக்கும் அன்றாட வேலை கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும்.

இன்னொரு புழுவின் நிழல்

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிட வேண்டும். 'உருளைப்புழு ஆராய்ச்சி' என்றால் உயிரியல் படித்தவர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது சீனோராப்டைட்டிஸ் எலிகன்ஸ் என்ற ஒரே ஒரு இனம். 1960களில் சிட்னி பிரென்னர் அதை ஆய்வகத்துக்குள் கொண்டுவந்தார். 302 நரம்பணுக்கள், ஒளி ஊடுருவும் உடம்பு, மூன்றே நாளில் அடுத்த தலைமுறை. அதை வைத்துச் செய்த வேலைக்கு 2002, 2006, 2008, 2024 என நான்கு முறை நோபல் பரிசு கிடைத்திருக்கிறது. உறைநிலையில் சேமித்து, வேண்டியபோது எடுத்து உயிர்ப்பிக்கலாம். வேண்டிய மரபணு மாற்றம் உள்ள புழுவைத் தபாலில் வரவழைக்கலாம். புதிதாகச் சேரும் மாணவர் முதல் வாரத்திலேயே ஒரு சோதனையைத் தொடங்கிவிடுவார்.

நீர்வாழ் புழுக்களை ஆராய்பவருக்கு இந்த வசதி எதுவும் இல்லை. கடல் இனங்களில் ஆய்வகத் தட்டில் வளர்க்க முடிந்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. தான் பார்க்கும் புழு எது என்று அவர் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அது ஒரு வாரத்து வேலையாக முடியாது. இரண்டு கூட்டத்தாரும் தங்களைப் புழு ஆய்வாளர் என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். ஆனால் அவர்களுடைய வேலைச் சந்தை, இதழ்கள், மாநாடுகள் எல்லாமே பெரும்பாலும் வேறு வேறு.

படிப்பு

இளநிலையில் விலங்கியல், கடல் உயிரியல், சூழலியல் என எதைப் படித்திருந்தாலும் சரி. உருளைப்புழுக்களுக்கு அங்கே ஓரிரு வகுப்புகள் கிடைத்தால் அதிகம். அதிலும் ஒட்டுண்ணிகளைப் பற்றித்தான் பேசுவார்கள். முதுநிலை ஆய்வுத் திட்டத்துக்காக 'இந்த வண்டலில் என்ன இருக்கிறது பார்' என்று ஒரு பேராசிரியர் குப்பியை நீட்டுவதுதான் பலருக்கும் வாசல். முழுக்க முழுக்க இந்தப் புழுக்களுக்கென்றே முதுநிலைப் படிப்பு நடத்தும் இடங்கள் மிகச் சில. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகம் அவற்றில் முக்கியமானது. உலகின் பல மூலைகளிலிருந்தும் அங்கே வருகிறார்கள்.

இந்தக் கட்டத்தில் கற்க வேண்டிய முதல் சொல் மெயோஃபானா. 1942இல் மோலி மேர் என்ற ஆங்கிலேய ஆய்வாளர், கடலடியில் வாழும் நடுத்தர அளவு உயிர்களுக்கென்று 'மெயோபெந்தோஸ்' என்ற சொல்லை உருவாக்கினார். அதன் உறவுச் சொல்தான் இது. பெரிய சல்லடையில் தங்காது. நுண்ணிய சல்லடையில் தங்கும். அவ்வளவுதான் வரையறை. இன்று பொதுவாக ஒரு மில்லிமீட்டர் அல்லது அரை மில்லிமீட்டர் கண் உள்ள சல்லடையில் கீழே விழுந்து, 40 மைக்ரோமீட்டர் சொச்சம் கண் உள்ளதில் தங்குவதை இந்தப் பெயரில் அழைக்கிறார்கள். ஆழ்கடலில் புழுக்கள் இன்னும் சிறியவை என்பதால் 32 மைக்ரோமீட்டர். ஒரு துறையின் எல்லையைச் சல்லடையின் கண் தீர்மானிப்பது விநோதம்தான். ஆனால் இந்த அளவில் வாழும் உயிர்களை மீன்வலையும் பிடிக்காது, பாக்டீரியா ஆய்வாளரும் கவனிக்க மாட்டார். நடுவில் விட்டுப்போன இந்த இடத்தில்தான் நம்மவரின் வாழ்க்கை.

பிஎச்டி: கண் பழகும் காலம்

நாட்டைப் பொறுத்து மூன்றிலிருந்து ஆறு ஆண்டு. அதில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம், ஏனென்றால் இந்த ஆண்டுகளில் கற்றுக்கொள்வதை வைத்துத்தான் மீதி வாழ்க்கை.

மாதிரி எடுப்பது எளிது. கரையோரம் என்றால் நுனியை வெட்டிய ஊசிக்குழலை மணலில் செருகி இழுத்தாலே ஒரு சிறு தூண் வந்துவிடும். ஆழ்கடல் என்றால் கப்பலும் பெரிய கருவிகளும் வேண்டும். எடுத்ததை ஃபார்மலினில் போடுவார்கள். உயிர்கள் தனியாகத் தெரிய ரோஸ் பெங்கால் என்ற இளஞ்சிவப்புச் சாயம் சேர்ப்பார்கள். அப்புறம் சல்லடை. அதில் தங்கியதை லூடாக்ஸ் என்ற சிலிக்கா கூழ்மத்தில் கலந்து சுழற்றுவார்கள். அதன் அடர்த்தி நீரைவிடச் சற்று அதிகம், மணலைவிட மிகக் குறைவு. ஆகவே மணல் கீழே போக, புழுக்கள் மேலே மிதக்கும்.

உண்மையான வேலை இதற்குப் பிறகுதான். மிதந்தவற்றிலிருந்து 100 அல்லது 200 புழுக்களை ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்க வேண்டும். கருவி: குச்சியின் முனையில் ஒட்டிய ஒரு கண்ணிமை மயிர், அல்லது மிக மெல்லிய ஊசி. பொறுக்கிய புழுக்களைச் சாராயக் கரைசலிலிருந்து கிளிசரினுக்கு மெல்ல மாற்ற வேண்டும். அவசரப்பட்டால் புழு சப்பிப்போய்விடும். அடையாளம் காண எதுவும் மிஞ்சாது. சாராயம் தானாக ஆவியாகிக் கிளிசரின் மட்டும் தங்க நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். பிறகு ஸ்லைடில் மெழுகு வளையம் போட்டு, நடுவில் புழுவை வைத்து, கண்ணாடி மூடி, சூடுகாட்டி ஒட்ட வேண்டும். ஒழுங்காகச் செய்த ஸ்லைடு, செய்தவரின் ஆயுளைத் தாண்டியும் நிற்கும்.

இப்போது ஆயிரம் மடங்கு பெரிதாக்கிப் பார்க்கலாம். எதைப் பார்ப்பது? தலையின் இரு பக்கத்திலும் ஆம்ஃபிட் என்ற வேதியுணர்வு உறுப்பு இருக்கும். சில குடும்பங்களில் அது சுருள், சிலவற்றில் வட்டம், சிலவற்றில் சட்டைப்பை போன்ற பிளவு. தலையில் எத்தனை நுண்மயிர்கள், எந்த வரிசையில்? தோலில் கோடுகளா, புள்ளிகளா? வாய்க்குள் பல் உண்டா? ஆணாக இருந்தால் கலவிக்குப் பயன்படும் ஸ்பிக்யூல் என்ற முள்ளின் வடிவம் எப்படி? பல இனங்களைப் பிரித்தறிய ஆண் வேண்டும். ஆனால் ஒரு மாதிரியில் பெரும்பகுதி குஞ்சுகளாகவே இருப்பது சாதாரணம்; அவற்றைப் பேரினம் வரைக்கும்தான் சொல்ல முடியும்.

அளவுகளுக்கும் ஒரு மரபு உண்டு. டச்சுக்காரரான யான் கோவர்ட்டஸ் தெ மான் (1850-1930) 19ஆம் நூற்றாண்டில் போட்டுத் தந்த விகிதங்களை இன்றும் அப்படியே எழுதுகிறார்கள். உடல் நீளத்தை உடலின் அதிகபட்ச அகலத்தால் வகுத்தால் a. தொண்டைக்குழலின் நீளத்தால் வகுத்தால் b. வாலின் நீளத்தால் வகுத்தால் c. இவர் நண்டு, இறால் வகைகளிலும் பேர்போன நிபுணர். எல்லாமே குழாய் வடிவத்தில் இருக்கும் விலங்குகளை வேறுபடுத்த, குழாயின் விகிதங்களைத் தவிர வேறு என்ன கிடைக்கும்?

கணக்குக்காக ஒரு ஆய்வேட்டை எடுத்துக்கொள்வோம். பத்து இடங்கள், இடத்துக்கு மூன்று மாதிரிகள், இரண்டு பருவங்கள்: மொத்தம் 60 மாதிரிகள். மாதிரிக்கு 120 புழுக்கள் என்றால் 7,200. புழுவுக்கு ஐந்து நிமிடம் வைத்தால் 600 மணி நேரம். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் நுண்ணோக்கியில் கண் தாங்காது. ஆக, வேறு எந்த வேலையும் பார்க்காமல் 100 நாள். ஆனால் ஐந்து நிமிடம் என்பது தேர்ந்தவரின் வேகம். புதியவர் ஒரு புழுவோடு அரை நாள் மல்லுக்கட்டுவார். பிளாட், வார்விக் என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1980களில் வெளியிட்ட படவழி அடையாளக் கையேடுகள்தான் பலருக்குக் கைப்பிடி. அவை பிரிட்டிஷ் கடலோர இனங்களுக்காக எழுதப்பட்டவை. வேறு கடலிலிருந்து வந்த புழுவை அதில் தேடினால் பேரினம் வரை போகலாம். அதற்கப்புறம் ஜெர்மன், ரஷ்யன், பிரெஞ்சு மொழிகளில் நூறு வருடத்துக்கு முந்தைய கட்டுரைகளைத் தோண்ட வேண்டும்.

ஒன்றிரண்டு வருடத்தில் ஏதோ ஒரு நாள், பெரிதாக்காமலேயே 'இது சபாட்டியேரியா' என்று ஒரு பேரினத்தின் பெயர் வாயில் வந்துவிடும். வளைந்து கிடக்கும் விதத்தை வைத்தே தெரிந்துவிடும். எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இதைத்தான் கண் பழகுவது என்கிறேன். நெறியாளரின் பக்கத்தில் உட்கார்ந்து கற்பதில் பாதி இதுதான், அது எந்தக் கையேட்டிலும் இல்லை.

புது இனம் கிடைத்தால்?

கிடைக்கும். கிடைக்காமல் இருப்பதுதான் கடினம். சிக்கல் அதைப் புதியது என்று நிரூபிப்பதில். அந்தப் பேரினத்தில் இதுவரை விவரிக்கப்பட்ட ஒவ்வொரு இனத்தோடும் ஒப்பிட வேண்டும். வரைபடம் வேண்டும், ஒளிப்படம் இருந்தாலும், வெவ்வேறு ஆழத்தில் குவியம் வைத்துப் பார்த்ததை ஒரே படமாகச் சேர்த்துக் காட்டக் கைவரைவு இன்னும் தேவைப்படுகிறது. விலங்குப் பெயரிடலுக்கான சர்வதேச விதித்தொகுப்பின்படி, அந்தப் பெயரைத் தாங்கும் ஒரு குறிப்பிட்ட புழுவை, அதாவது ஹோலோடைப்பை, சுட்டிக்காட்ட வேண்டும். அதை ஓர் அருங்காட்சியகத்தில் ஒப்படைப்பார்கள். 2012 முதல் மின்னிதழில் வந்த பெயரும் செல்லும், ஆனால் ஸூபேங்க் என்ற பதிவேட்டில் ஏற்றியிருக்க வேண்டும். இவ்வளவும் ஆன பிறகு பெயருக்குப் பின்னால் உங்கள் பெயரும் ஆண்டும் ஒட்டிக்கொள்ளும். டெர்ஷெல்லிங்கியா என்ற பேரினத்துக்குப் பின்னால் 'தெ மான், 1888' என்று நிற்பது போல. அந்தப் பெயர் டெர்ஷெல்லிங் என்ற டச்சுத் தீவிலிருந்து வந்தது.

ஒரு சின்ன எச்சரிக்கை. புது இனத்தை விவரிப்பது மனதுக்கு நிறைவான வேலை. ஆனால் வேலை தேடும்போது அதற்குக் கிடைக்கும் மதிப்பு, போட்ட உழைப்புக்கு ஈடாக இருக்காது.

போஸ்ட்டாக்: பெட்டியைக் கட்டு

பிஎச்டி முடிந்ததும் நிரந்தர வேலை கிடைப்பவர் அபூர்வம். ஒன்றிலிருந்து மூன்று ஆண்டு வரை ஓடும் ஒப்பந்த ஆய்வுப் பணிகள்தான் அடுத்து. ஒன்று முடிந்தால் இன்னொன்று, பெரும்பாலும் வேறு ஊர், வேறு நாடு. இது எல்லா அறிவியலுக்கும் பொதுவான கதை. உருளைப்புழுக்காரருக்கு மட்டும் கூடுதலாக ஒரு தொல்லை: அவரைப் புரிந்துகொள்ளும் ஆய்வுக்கூடங்களே உலகில் கொஞ்சம். எல்லாரும் எல்லாரையும் அறிவார்கள். மெயோஃபானா ஆய்வாளர்களுக்கு 1966இல் தொடங்கிய ஒரு சர்வதேசச் சங்கம் உண்டு. அவர்களுடைய மாநாட்டில் நீங்கள் படித்த கட்டுரைகளின் ஆசிரியர்களில் பாதிப்பேரைத் தேநீர் வரிசையிலேயே பார்த்துவிடலாம். இது நன்மையும் கூட. ஒரு ஸ்லைடை அனுப்பி 'இது என்னவென்று பாருங்கள்' என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வரும்.

இந்தக் காலத்தில் எடுக்க வேண்டிய பெரிய முடிவு ஒன்று உண்டு: உருவமா, டிஎன்ஏவா? 1998இல் பிளாக்ஸ்டர் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஒரு மரபணுவின் வரிசையை வைத்து உருளைப்புழுக்களின் குலமரத்தை வரைந்தபோது, உருவத்தை நம்பிக் கட்டிய பழைய வகைப்பாட்டின் பல சுவர்கள் ஆட்டம் கண்டன. அதன் பிறகு டிஎன்ஏ இல்லாமல் இத்துறையில் நகர முடியாது. ஆனால் ஃபார்மலினில் போட்ட புழுவிலிருந்து நல்ல டிஎன்ஏ எடுப்பது பெரும்பாடு. சாராயத்தில் போட்டால் டிஎன்ஏ தங்கும், உருவம் கெடும். டெஸ் என்ற உப்புக் கலவை இரண்டையும் ஓரளவு காப்பாற்றுவதால் இன்று பலரும் அதற்கு மாறியிருக்கிறார்கள்.

'வண்டலை அப்படியே அரைத்து மொத்த டிஎன்ஏவையும் படித்துவிட்டால் போதாதா, எதற்குக் கண்ணிமை மயிர்?' என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அப்படிச் செய்கிறார்கள், வேகமாக நடக்கிறது. ஆனால் வரிசைகள் கைக்கு வந்ததும் அவற்றை ஒப்பிட ஓர் அகராதி வேண்டும்: எந்த வரிசை எந்த இனத்துடையது என்று யாரோ ஒருவர் புழுவைப் பார்த்துப் பெயர் சொல்லி, அதே புழுவிலிருந்து டிஎன்ஏவும் எடுத்துப் பதிந்திருக்க வேண்டும். நீர்வாழ் உருளைப்புழுக்களுக்கு அந்த அகராதியில் பெரும்பாலான பக்கங்கள் காலி. ஆகவே இயந்திரம் பல நேரம் 'உருளைப்புழு, அடையாளம் தெரியவில்லை' என்றுதான் சொல்கிறது. அதுதான் எங்களுக்கே தெரியுமே! என்னைக் கேட்டால் இரண்டும் தெரிந்தவருக்குத்தான் எதிர்காலம். ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்வது இந்தக் கட்டத்தில் வீண் பிடிவாதம்.

பேராசிரியர் பதவியும் பணமும்

உதவிப் பேராசிரியர் ஆனதும் வாழ்க்கை தலைகீழாக மாறும். வகுப்பு எடுக்க வேண்டும், மாணவர்களைச் சேர்க்க வேண்டும், குழுக்கூட்டங்களுக்குப் போக வேண்டும். சில நாடுகளில் ஐந்தாறு ஆண்டு பார்த்துவிட்டுத்தான் பதவியை நிரந்தரமாக்குவார்கள். நுண்ணோக்கியின் முன் உட்காரும் நேரம் கரைந்துபோகும். பழகிய கண் மாணவர்களிடம் கைமாற வேண்டிய நேரமும் அதுதான்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஆய்வு நிதி தேட வேண்டும். 'இந்தக் கடலில் என்னென்ன புழுக்கள் உண்டு என்று பட்டியல் போடப் போகிறேன்' என்று எழுதினால் பணம் வருவது கடினம். மாசு, பருவநிலை, சுரங்கம் என்று மற்றவர்களுக்கும் கவலை தரும் ஒரு கேள்வியோடு புழுவைச் சேர்த்துக் கட்ட வேண்டும். இது ஏமாற்று வேலை ஆகாது. உருளைப்புழுக்கள் மாசுக்கு உண்மையிலேயே நல்ல சாட்சி. வண்டலை விட்டு ஓடிப்போக முடியாது; தலைமுறை குறுகியது; நச்சு நிறைந்த இடத்திலும் தாக்குப்பிடிக்கும் சில இனங்களாவது இருக்கும், அதனால் எண்ண ஏதாவது எப்போதும் கிடைக்கும்.

எப்படி எண்ணுவது என்பதில்தான் இத்துறையின் பாதி வரலாறு. 1953இல் வோல்ஃப்காங் வீசர் வாயின் அமைப்பை வைத்துக் கடல் புழுக்களை நான்கு உணவுக் கூட்டங்களாகப் பிரித்தார். வாய்க்குழி சின்னதா பெரிதா, பல் உண்டா இல்லையா என்று பார்த்தாலே ஓரளவு புரிந்துவிடும். 1981இல் ராஃபேலி, மேசன் என்ற இருவர் இன்னும் எளிய வழி சொன்னார்கள்: உருளைப்புழுக்களின் எண்ணிக்கையைக் கோபிபாட் என்ற நுண் ஓட்டுடலிகளின் எண்ணிக்கையால் வகுத்துவிடு, மாசு கூடினால் விகிதம் கூடும். இனப்பெயரே தேவையில்லை! கேட்க இனிமையாக இருந்தது. ஆனால் மணலின் பருமன் மாறினாலும் அந்த விகிதம் மாறும் என்பதைச் சுட்டிக்காட்டிப் பலர் எதிர்த்தார்கள். 1990இல் டாம் போங்கர்ஸ் கொண்டுவந்த முதிர்ச்சிக் குறியீடு நின்றது. அதில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். குப்பை விழுந்ததும் பாய்ந்து வந்து பெருகுபவை 1. மெதுவாக வளர்ந்து, கொஞ்சம் தொந்தரவு வந்தாலும் காணாமல் போகிறவை 5. சராசரி குறைந்தால் அந்த இடம் குலைந்திருக்கிறது என்று பொருள். ஆனால் மதிப்பெண் போடக் குடும்பமாவது தெரிய வேண்டுமே. பெயரைத் தாண்டிப் போகப் பார்த்த குறுக்குவழிகள் பலவும் கடைசியில் பெயரிடமே வந்து நின்றிருக்கின்றன.

இன்று இந்தத் திறமைக்கு ஆழ்கடல் சுரங்கத்தால் ஒரு தேவை வந்திருக்கிறது. பசிபிக்கின் கிளாரியன்-கிளிப்பர்டன் பகுதியில் ஏறக்குறைய 5,000 மீட்டர் ஆழத்தில் உலோக முடிச்சுகள் இறைந்து கிடக்கின்றன. அங்கே 1978இல் ஒரு சோதனைச் சுரங்க வண்டி ஓடியது. 26 ஆண்டு கழித்து, 2004இல், அதே தடத்தில் வண்டல் எடுத்துப் பார்த்தார்கள். தடத்துக்குள் உருளைப்புழுக்களின் எண்ணிக்கையும் இனவகையும் பக்கத்து இடத்தைவிட இன்னும் குறைவாகவே இருந்தன. கால் நூற்றாண்டில் அந்தக் காயம் ஆறவில்லை. இந்தக் கண்டுபிடிப்பு ஒருவர் ஊசியால் பொறுக்கி ஸ்லைடில் வைத்த புழுக்களிலிருந்து வந்தது. ஜமைக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேசக் கடற்படுகை ஆணையம், அங்கே தாது தேட ஒப்பந்தம் பெற்றவர்களிடம் அடித்தள உயிர்களின் ஆய்வைக் கேட்கிறது. அதனால் பல்கலைக்கழகத்துக்கு வெளியேயும் கொஞ்சம் வேலை உண்டு.

புழுவில் மனம், சம்பளம் வேறிடத்தில் என்ற ஏற்பாடு புதிதல்ல. இத்துறையின் மூதாதை என்று பலரும் சொல்லும் நேதன் காப் (1859-1932) என்ற அமெரிக்கர் ஜெர்மனியின் யேனாவில் பட்டம் பெற்று, ஆஸ்திரேலியாவுக்குப் போய்ப் பயிர்நோய் நிபுணராக வேலை பார்த்தார். பிறகு ஹவாயில் கரும்பு, அப்புறம் அமெரிக்க வேளாண் துறையில் பருத்தியின் தரப்படுத்தல். சோறு போட்டது பயிரும் பருத்தியும். இடையில் கிடைத்த நேரத்தில் 1920இல் ஒரே வெளியீட்டில் நூறு புதிய பேரினங்களை அறிவித்தார். புழுவை இருபக்கமும் திருப்பிப் பார்க்க வசதியாக, அலுமினியச் சட்டத்துக்குள் இரண்டு மெல்லிய கண்ணாடிகள் வைத்த ஸ்லைடையும் அவர்தான் வடிவமைத்தார். இன்றும் அதற்குக் காப் ஸ்லைடு என்றே பெயர்.

எதை வைத்து அளக்கிறார்கள்?

பதவி உயர்வுக்குக் கட்டுரைகளின் எண்ணிக்கை, அவற்றை மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள், வெளியிட்ட இதழின் தாக்கக் காரணி (அந்த இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற எண்) ஆகியவற்றைப் பார்ப்பது பல இடங்களில் வழக்கம். வகைப்பாட்டியலுக்கு இந்த அளவுகோல் பொருந்துவதில்லை. ஒருவர் சபாட்டியேரியாவின் பத்து இனங்களைச் சீர்படுத்தி எழுதினால், அதைப் படித்துப் பயன்படுத்தக்கூடியவர்கள் உலகில் சில டஜன் பேர் இருப்பார்கள். ஆனால் முப்பது வருடம் கழித்தும் பயன்படுத்துவார்கள். தாக்கக் காரணியோ கடைசி இரண்டு வருடத்துக் கட்டுரைகளை மட்டும் எண்ணும். தவிர, ஒரு சூழலியல் கட்டுரை ஐம்பது இனப்பெயர்களைப் பயன்படுத்தினாலும், அவற்றை விவரித்த மூலக் கட்டுரைகளை மேற்கோள் பட்டியலில் சேர்ப்பதில்லை. 'தெ மான், 1888' என்று பெயரோடு எழுதினாலும் அது மேற்கோள் கணக்கில் வராது. எனக்கு இது வெறும் அநியாயமாகத்தான் படுகிறது.

2020இல் இது வெடித்தே விட்டது. விலங்கு வகைப்பாட்டுக்கான மிகப் பெரிய இதழ்களில் ஒன்றான ஸூடாக்ஸாவை, தன் கட்டுரைகளைத் தானே அதிகம் மேற்கோள் காட்டுகிறது என்று சொல்லி, தாக்கக் காரணி வெளியிடும் கிளாரிவேட் நிறுவனம் பட்டியலிலிருந்து நீக்கியது. ஒரு துறையின் கட்டுரைகளில் பெரும்பங்கு ஒரே இதழில் வந்தால் அந்த இதழைத்தானே காட்ட முடியும் என்று உலகெங்கும் வகைப்பாட்டியலாளர்கள் குரல் எழுப்பினார்கள். அதே ஆண்டிலேயே நீக்கம் திரும்பப் பெறப்பட்டது. இளையவர்களுக்கு இதில் கிடைத்த நடைமுறைப் பாடம் எளிது: இன விவரிப்பையும் செய், கூடவே பரந்த கேள்வியுள்ள சூழலியல் கட்டுரையும் எழுது. முந்தையது துறைக்கு, பிந்தையது வேலைக்கு.

கடைசி அலமாரி

ஓய்வுபெறும் வயதில் ஒரு நீர்வாழ் உருளைப்புழுப் பேராசிரியரின் அறையில் ஸ்லைடுப் பெட்டிகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருக்கும். அவற்றில் ஹோலோடைப்புகள் இருந்தால் அருங்காட்சியகம் எடுத்துக்கொள்ளும். மற்றவற்றுக்கு இடம் தேடித் தர வேண்டியது அவர் பொறுப்பு. ஓய்வுக்குப் பிறகும் மதிப்புறு பேராசிரியராக வந்து உட்கார்ந்து, நிர்வாக வேலை தொலைந்த நிம்மதியில் மீண்டும் நுண்ணோக்கியைத் திறப்பவர்கள் இத்துறையில் நிறைய.

அவர்கள் எடுத்துப் பார்க்கும் ஸ்லைடுகளின் ஓரத்தில் பெரும்பாலும் முழுப் பெயர் இருக்காது. ஆழ்கடல் ஆய்வுகளில் கிடைக்கும் இனங்களில் மிகப் பெரும்பாலானவை அறிவியலுக்குப் புதியவை. அத்தனைக்கும் பெயர் வைக்க யாருக்கும் நேரமில்லை. ஆகவே பேரினத்தின் பெயரை எழுதி, பக்கத்தில் 'இனம் 1', 'இனம் 2' என்று எண் போட்டு வைப்பார்கள். ஒரு ஆய்வேட்டுக்கு அது போதும். ஆனால் ஒரு ஆய்வகத்தின் 'இனம் 3'தான் இன்னொரு ஆய்வகத்தின் 'இனம் 7' என்பது, இரண்டு பெட்டிகளையும் ஒரே மேசையில் வைத்து, பழகிய கண் உள்ள ஒருவர் பார்க்கும் வரை யாருக்கும் தெரியாது.